ஆண்டிஸ் மலையைக் கடந்த படை, 1817: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் அமெரிக்காவில் ஸ்பெயின் ஆட்சிக்கு எதிராக நடந்த விடுதலைப் போர்களில், அர்ஜென்டினாவின் மெண்டோசாவிலிருந்து ஒரு படை ஆண்டிஸ் மலையைத் தாண்டிச் சிலிக்குள் இறங்கியது ஒரு பெரிய திருப்பம். அதைத் தளபதியின் வீரக் கதையாகவே பெரும்பாலும் சொல்கிறார்கள். லாடம் அடித்தவர்களும் உப்புக்கண்டம் போட்டவர்களும் கம்பளி தைத்தவர்களும் இல்லாமல் அந்தப் படை மலையடிவாரத்தைக்கூடத் தாண்டியிருக்காது. இங்குள்ள பதில்களில் அந்தப் பக்கத்துக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

சிலியை விடுவிக்க மலையேறியே ஆகவேண்டும் என்ற நிலை எப்படி வந்தது?

தென் அமெரிக்காவில் ஸ்பெயினின் பலம் பெருவின் லிமா நகரில் குவிந்திருந்தது. லிமா விழாதவரை வேறெந்த நாட்டின் விடுதலையும் நிலைக்காது. 1810 மே மாதம் புவேனஸ் அயர்ஸில் அமைந்த புரட்சி அரசு, இன்றைய பொலிவியா வழியாகத் தரைமார்க்கமாகவே லிமாவை நெருங்கப் பார்த்தது. 1811இல் உவாக்கியில் தோற்றது. 1813இல் வில்காபுகியோ, அயோஹுமா என அடுத்தடுத்து இரண்டு இடங்களில் தோற்றது. 1815இல் சிப்பே-சிப்பேயில் மறுபடியும் தோற்றது. ஒவ்வொரு முறையும் கோளாறு ஒன்றுதான். படை முன்னேற முன்னேற அதன் உணவும் மருந்தும் வரும் வழி நீண்டுகொண்டே போகும். எதிரியோ தன் கிடங்குகளுக்குப் பக்கத்திலேயே நின்று சண்டை போடுவான்.

ஜோசே தெ சான் மார்ட்டின் வேறு கணக்குப் போட்டார். வடக்கு எல்லையை சால்ட்டாவில் குவேமெஸ் தலைமையிலான குதிரைவீரர்கள் காத்தால் போதும். மெண்டோசாவில் சிறிய, கட்டுப்பாடான படை ஒன்றை உருவாக்கிச் சிலிக்குள் இறங்குவது, அங்கிருந்து கப்பலேறி லிமாவுக்குப் போவது என்பது அவர் திட்டம். 1814 ஆகஸ்டில் குயோ மாகாணத்தின் ஆளுநர் பதவி கிடைத்தபோது, மலைக்கு அந்தப் பக்கம் சிலி நட்பு நாடாகவே இருந்தது. அக்டோபர் தொடக்கத்தில் ராங்காகுவாவில் சிலிப் புரட்சிப்படை நொறுங்கியது. அந்தப் படையின் தளபதிகளில் ஒருவரான பெர்னார்டோ ஓ'ஹிக்கின்ஸ் உட்படப் பலர் அகதிகளாக மலையேறி மெண்டோசாவுக்கு வந்தார்கள். நட்பு நாட்டின் வழியாக நடந்து போவதாகத் தொடங்கிய திட்டம், பகை நாட்டுக்குள் சண்டையிட்டு இறங்குவதாக ஒரே மாதத்தில் மாறிவிட்டது.

சான் மார்ட்டினுக்கு இதற்கான அனுபவம் இருந்ததா?

இருந்தது. 1778இல் யாப்பெயூவில் பிறந்து சிறுவயதிலேயே ஸ்பெயினுக்குப் போனவர். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஸ்பானியப் படையில் இருந்து, 1808இல் நெப்போலியன் படைக்கு எதிரான பைலென் போரிலும் பங்கெடுத்தார். 1812 மார்ச்சில் புவேனஸ் அயர்ஸ் திரும்பினார். எதிரியின் பயிற்சியும் பழக்கமும் அவருக்கு அத்துபடி. வயிற்றுப்புண்ணும் மூச்சுத்திணறலும் அவரை விடாமல் வாட்டின. வலி தாங்க அபினி மருந்து எடுத்துக்கொண்டுதான் வேலை பார்த்தார்.

பணம் எங்கிருந்து வந்தது?

பெரும்பகுதி குயோவிலிருந்தே. மெண்டோசா, சான் ஹுவான், சான் லூயிஸ் ஆகிய மூன்று ஊர்களும் அவற்றின் சுற்றுப்புறமும் சேர்ந்ததுதான் அந்த மாகாணம். பணக்கார மாகாணம் அல்ல. ராங்காகுவாவுக்குப் பிறகு சிலியோடு நடந்த வணிகமும் நின்றுபோயிருந்தது. சொத்து மதிப்பில் ஆயிரத்துக்கு 4 பெசோ என்று சிறப்பு வரி விதித்தார்கள். வெளியே போகும் ஒவ்வொரு பீப்பாய் ஒயினுக்கும் பிராந்திக்கும் தீர்வை வைத்தார்கள். ஸ்பெயின் ஆதரவாளர்களின் சொத்துகளைப் பறிமுதல் செய்தார்கள். பெண்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். சான் மார்ட்டின் தம் சம்பளத்தில் பாதியை விட்டுக்கொடுத்தார். புவேனஸ் அயர்ஸ் மாதாமாதம் ஒரு தொகை அனுப்பியது. 1816இல் புவேய்ர்ரெடோன் நாட்டின் தலைமைப் பொறுப்பேற்ற பின் கம்பளம், சேணம், துப்பாக்கி எனச் சரக்கும் வரத் தொடங்கியது. தேடிப்பிடித்ததில் கிடைத்தவை இரண்டே இரண்டு எக்காளங்கள்தான் என்று சொல்லி, அவற்றையும் ஒரு சின்னப் பெட்டியில் வைத்துத் தபாலில் அனுப்பினார்.

இதையெல்லாம் மக்கள் மனமுவந்து கொடுத்ததாக மட்டும் எழுதுவது நேர்மையாகாது. கொடுத்தவர்கள் உண்டு. வண்டியையும் மாட்டையும் கோவேறு கழுதையையும் வீட்டு வாசலிலிருந்து அவிழ்த்துக்கொண்டு போகப் பார்த்து நின்றவர்களும் உண்டு.

ஆயுதப் பட்டறையை நடத்தியது ஒரு பாதிரியார் என்பது உண்மையா?

உண்மைதான். லூயிஸ் பெல்ட்ரான் பிரான்சிஸ்கன் சபைத் துறவி. கணிதமும் இயற்பியலும் வேதியியலும் தாமாகவே கற்றவர், கைவினையில் தேர்ந்தவர். மெண்டோசாவில் அவர் கீழ் சுமார் 700 பேர் மாற்றி மாற்றி வேலை செய்தார்கள். கோயில் மணிகளை உருக்கிப் பீரங்கி வார்த்தார்கள். குண்டு, தோட்டா, ஈட்டிமுனை, லாடம், சேணம், முதுகுப்பை, காலணி என எல்லாம் அங்கேயே உருவாயின. சம்மட்டிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி அவர் தொண்டை நிரந்தரமாகக் கம்மிப்போனது என்று சொல்வார்கள்.

வெடிமருந்து ஆலை ஜோசே அன்டோனியோ ஆல்வாரெஸ் கொண்டார்கோவின் பொறுப்பு. அந்தப் பகுதி மண்ணிலேயே வெடியுப்பு கிடைத்தது பெரிய வசதி. புறப்படும்போது படையிடம் 9,00,000 துப்பாக்கித் தோட்டாக்கள் இருந்தன. போரிடும் வீரர்கள் ஏறத்தாழ 4,000 என்று கொண்டால் ஆளுக்கு 225. மலைக்கு அந்தப் பக்கம் மறுபடி நிரப்பிக்கொள்ள வழியில்லை என்பதால்தான் இந்த எண்ணிக்கை.

எத்தனை பேர், எத்தனை விலங்குகள்?

எல்லாம் சேர்த்து 5,000 பேருக்குச் சற்று மேல். அதில் ஏறத்தாழ 4,000 பேர் சண்டையிடும் வீரர்கள். சுமையையும் விலங்குகளையும் பார்த்துக்கொள்ள 1,200 ஊர்க்காவல் படையினர். பாதை வெட்ட, கடப்பாறை பிடித்துப் பழகிய 120 சுரங்கத் தொழிலாளர்கள். 9,000க்கும் மேற்பட்ட கோவேறு கழுதைகள், 1,600 குதிரைகள், 700 மாடுகள்.

மலையில் வீரர்கள் ஏறிப்போனது கோவேறு கழுதைமேல். குதிரைகள் போருக்கு மட்டுமே என்பதால் அவற்றைச் சுமையில்லாமல், போர்வை போர்த்தி நடத்திக் கொண்டுபோனார்கள். வெள்ளைக் குதிரைமேல் சான் மார்ட்டின் பனிமலையைத் தாண்டுவதுபோல வரைந்த படங்கள் ஏராளம். அவரும் மற்றவர்களைப்போல் கோவேறு கழுதைமேல்தான் போனார்.

லாடத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

ஏனென்றால் படை கிளம்பாமலே நின்றுவிடக் காரணமாகியிருக்கக்கூடிய பொருள் அதுதான். குயோ சமவெளியின் மண் மென்மையானது. அங்கே விலங்குகளுக்கு லாடம் அடிக்கும் வழக்கம் இல்லை. ஆண்டிஸின் பாதையோ உடைந்த கூர்ங்கல். லாடமில்லாத குளம்பு சில நாளிலேயே தேய்ந்து ரத்தம் கசியும். நொண்டும் விலங்கின் சுமையை இன்னொன்றின் முதுகில் ஏற்றவேண்டும், பிறகு அதுவும் நொண்டும். இப்படித்தான் ஒரு சுமைவரிசை முழுதும் குலைந்துபோகிறது.

சான் மார்ட்டின் கால்நடை வைத்தியர்களையும் கொல்லர்களையும் சுமைக்கழுதை ஓட்டிகளையும் கூட்டிவைத்து யோசனை கேட்டார். பல வடிவங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அந்த மாதிரி லாடத்தை ஓர் அதிகாரி கையில் புவேனஸ் அயர்ஸுக்குக் கொடுத்தனுப்பினார். இது இல்லாமல் படை நகராது என்பதே செய்தி. கடைசியில் 30,000 லாடங்கள் சேர்ந்தன, இரட்டைப் பங்கு ஆணியோடு. லாடம் உடைவதைவிட ஆணி கழன்று லாடம் விழுவதே அதிகம் என்பதால் ஆணி கூடுதல். கணக்குப் போட்டுப் பார்த்தால் இதுவும் போதாது: 10,000க்கு மேற்பட்ட விலங்குகளுக்குக் காலுக்கு ஒன்று வைத்தாலே 40,000க்கு மேல் வேண்டும்.

இவ்வளவு செய்தும் இழப்பு பயங்கரமானது. சிலியை எட்டிய கோவேறு கழுதைகள் சுமார் 4,300. குதிரைகள் 500ஐ ஒட்டி. குளிரும் காற்றழுத்தக் குறைவும் சேர, மேயப் புல் இல்லாததும் அவற்றைக் கொன்றது. மனிதனுக்குக் கட்டுச்சோறு கட்டலாம். ஆயிரக்கணக்கான விலங்குகளுக்குத் தேவையான தீவனத்தை அதே விலங்குகளின் முதுகில் ஏற்றிக்கொண்டு போக முடியாது.

வழியில் என்ன சாப்பிட்டார்கள்?

முக்கிய உணவு சார்க்கி, அதாவது மாட்டிறைச்சி உப்புக்கண்டம். அதை இடித்துப் பொடியாக்கி, கொழுப்பும் மிளகாயும் சேர்த்து வைத்துக்கொள்வார்கள். முகாமில் வெந்நீர் ஊற்றி, வறுத்த மக்காச்சோள மாவைக் கலந்தால் கெட்டியான கஞ்சி தயார். எடை குறைவு, கெடாது, விறகும் அதிகம் வேண்டாம். மலைமேல் மரம் கிடையாது, எரிக்கும் ஒவ்வொரு குச்சியையும் கீழிருந்தே சுமக்கவேண்டும் என்பதால் கடைசிக் காரணத்துக்கு மதிப்பு அதிகம். உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். பச்சைப் பருப்போ கறியோ வேகவைப்பது நடக்காத காரியம். முன்பே பக்குவமான உணவுதான் அங்கே எடுபடும்.

15 நாளுக்கான உணவை 500க்கும் மேற்பட்ட கோவேறு கழுதைகள் சுமந்தன. மாடுகள் கூடவே நடந்து வந்தன, வழியில் அறுத்தார்கள். 113 சுமை ஒயினும் போனது, இரவுக் குளிருக்கு. தண்ணீர் கொண்டுபோகக் குடுவை போதவில்லை. மாட்டுக்கொம்பைக் குடைந்து அடைப்பு வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்கள்.

மலைநோயை எப்படிச் சமாளித்தார்கள்?

படையின் பெரும்பகுதி போன லாஸ் பாட்டோஸ் வழியிலுள்ள எஸ்பினாசிட்டோ கணவாய் சுமார் 4,500 மீட்டர் உயரம். அங்கே தலைவலி, வாந்தி, மூச்சிரைப்பு, கால் துவளல் எல்லாம் வரும். ஊர் வழக்கப்படி பூண்டும் வெங்காயமும் மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய் மென்றார்கள். விலங்குகளின் மூக்கிலும் பூண்டைத் தேய்த்தார்கள். உண்மையில் மலைநோய்க்கு மருந்து மெதுவாக ஏறுவதும், இறங்குவதும், ஓய்வும்தான். பிரிவுகளை ஒருநாள் இடைவெளிவிட்டு அனுப்பியதும், நடக்கவிடாமல் ஏற்றிக்கொண்டு போனதும் அதிக உயிர்களைக் காத்திருக்கும் என்பது எங்கள் கணிப்பு. மருத்துவப் பிரிவுக்கு இங்கிலாந்தில் பிறந்த ஜேம்ஸ் பரோய்ஸியென் தலைவர்.

குளிருக்கு என்ன உடுத்தினார்கள்?

பகலில் 30 டிகிரி வெயில், இரவில் உறைநிலைக்குக் கீழே 10 டிகிரி வரை. சான் லூயிஸில் நெய்த முரட்டுக் கம்பளித்துணியை மெண்டோசாவில் துவைத்து இறுக்கி நீலச்சாயம் ஏற்றினார்கள். மெண்டோசாப் பெண்கள் கூலியில்லாமல் தைத்துக் கொடுத்தார்கள். காலுக்குத் தமாங்கோ: அறுப்புக்கூடத்தில் கழிந்த பச்சைத் தோலை வெட்டி, உள்ளே கம்பளிக் கந்தலைத் திணித்துக் கட்டும் காலுறை. ஊரில் யார் வீட்டிலும் பழைய கம்பளித்துண்டைத் தூக்கியெறியக் கூடாது, கொண்டுவந்து கொடுக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். இறுக்கமான பூட்ஸ் விரலுக்கு ரத்தம் போவதைத் தடுக்கும்; ஈரமானால் விரலே போய்விடும். தளர்வான தமாங்கோ அதைவிட எவ்வளவோ மேல்.

பீரங்கிகளை எப்படி ஏற்றினார்கள்?

சக்கரத்தையும் குழலையும் தனித்தனியே கழற்றி. சிறிய மலைப்பீரங்கிகளைக் கோவேறு கழுதை சுமக்கும். பெரியவற்றைத் தோலாலும் கம்பளியாலும் சுற்றி, நீண்ட கழிகளில் தொங்கவிட்டு முன்னும் பின்னும் விலங்குகளைப் பூட்டினார்கள். அல்லது தரையை ஒட்டிப் போகும் குறுகலான சிறு வண்டியில் வைத்து இழுத்தார்கள். செங்குத்தில் எதுவும் உதவாது. அங்கே இரண்டு கப்பல் நங்கூரங்களைப் பாறையில் மாட்டி, கப்பியும் கயிறும் போட்டுக் கையாலேயே மேலே இழுத்தார்கள். பள்ளங்களைத் தாண்ட ஒரு கயிற்றுப் பாலத்தையும் சுருட்டி எடுத்துப்போனார்கள்.

கனமான பீரங்கிகளும் கிடங்கும் போனது உஸ்பய்யாட்டா வழி. தபால்காரர்கள் பழக்கிய பாதை, ஓரளவு அகலம். பனிப்புயலில் ஒதுங்க அங்கே 18ஆம் நூற்றாண்டில் செங்கல் குடில்கள் கட்டியிருந்தார்கள். கட்டியவர் ஸ்பெயின் அரசின் அதிகாரியாக இருந்த அம்ப்ரோசியோ ஓ'ஹிக்கின்ஸ். இப்போது அந்த அரசை எதிர்த்து மலையேறிய பெர்னார்டோவின் தந்தை.

பாதையை எப்படித் தெரிந்துகொண்டார்கள்?

1816 டிசம்பரில் கொண்டார்கோவைத் தூதராகச் சிலிக்கு அனுப்பினார் சான் மார்ட்டின். அர்ஜென்டினா அந்த ஜூலை 9ஆம் தேதி செய்த விடுதலைப் பிரகடனத்தின் நகலை ஸ்பானிய ஆளுநர் மார்க்கோ டெல் பொன்ட்டிடம் கொடுப்பதுதான் வெளியே சொன்ன வேலை. நீளமான லாஸ் பாட்டோஸ் வழியாகப் போகச் சொன்னார். பிரகடனத்தைப் பார்த்ததும் ஆளுநருக்குக் கோபம் வரும், மிகக் குறுகிய வழியில் உடனே திருப்பி அனுப்புவார், அது உஸ்பய்யாட்டா. ஒரே பயணத்தில் இரண்டு பாதையும் பார்த்தாகிவிடும். அப்படியே நடந்தது. நகலைச் சந்தியில் வைத்து எரித்துவிட்டுத் தூதரை விரட்டினார்கள். காகிதத்தில் ஒரு கோடுகூட எழுதாமல் எல்லாவற்றையும் மனத்தில் பதித்துக்கொண்டு வந்த கொண்டார்கோ, மெண்டோசாவில் உட்கார்ந்து வரைபடம் போட்டார்.

ஸ்பானியர்களுக்குப் படை வருவது தெரியாதா?

வருவது தெரியும். எங்கே என்பதுதான் தெரியாது. சான் மார்ட்டினின் உழைப்பில் பாதி இதற்கே போனது. 1816 செப்டம்பரில் தெற்கே சான் கார்லோஸ் கோட்டையில் பெவெஞ்சே பழங்குடித் தலைவர்களை அழைத்து, உங்கள் நிலத்தின் வழியே சிலிக்குப் போக அனுமதி வேண்டும் என்று கேட்டார். செய்தி சிலிக்குக் கசியும் என்று எதிர்பார்த்தே கேட்டது, கசிந்தது. பொய்க் கடிதங்கள் போயின. சிலிக்குள் மனுவெல் ரோட்ரிகெஸ் சிறு குழுக்களோடு திடீர்த் தாக்குதல் நடத்தி எதிரியை அங்குமிங்கும் ஓடவைத்தார்.

பிறகு ஆறு பாதைகளில் படை கிளம்பியது. வடக்கே லா ரியோஹாவிலிருந்து கோப்பியாப்போவுக்கும், சான் ஹுவானிலிருந்து கொக்கிம்போவுக்கும் இரண்டு சிறு பிரிவுகள். தெற்கே போர்ட்டிய்யோ, பிளாஞ்சோன் கணவாய்களில் இரண்டு. பிளாஞ்சோனில் ரமோன் ஃபிரெய்ரே. நடுவிலிருந்த இரண்டும்தான் உண்மையான படை: உஸ்பய்யாட்டாவில் லாஸ் ஹெராஸ், லாஸ் பாட்டோஸில் சோலர், ஓ'ஹிக்கின்ஸ், சான் மார்ட்டின். 4,000க்கும் மேற்பட்ட ஸ்பானியப் படையை நீளமான நாடு முழுக்கச் சிதறடித்தார் மார்க்கோ டெல் பொன்ட். வேண்டிய நாளில் வேண்டிய இடத்தில் அது இல்லை.

ஏன் ஜனவரி?

அங்கே அப்போதுதான் கோடை. குளிர்காலத்தில் கணவாய்களைப் பனி மூடிவிடும். மார்ச் தாண்டினால் திரும்பும் வழி அடைபடும் ஆபத்து.

நாள்வாரியாக என்ன நடந்தது?

ஜனவரி 5 அன்று மெண்டோசாவில் படைக்கொடிக்கு ஆசி வழங்கினார்கள். ஜனவரி 18இல் லாஸ் ஹெராஸ் கிளம்பினார். மறுநாள் சோலரின் முன்னணிப் பிரிவு. சான் மார்ட்டின் கடைசியாக, மாதத்தின் பின்பகுதியில். ஜனவரி 24இல் பிச்சேயுத்தாவில் காவல் நின்ற சிறு குழுவை ஸ்பானியர்கள் திடீரெனத் தாக்கினார்கள். திட்டம் அம்பலமாகிவிடுமோ என்ற கவலை எழுந்தது. மறுநாள் போட்ரெரிய்யோஸில் அவர்களை விரட்டினார்கள். பிப்ரவரி 4இல் உஸ்பய்யாட்டா வழியில் குவார்டியா வியேஹா காவல்நிலையும், லாஸ் பாட்டோஸ் வழியில் அச்சுபாய்யாஸும் ஒரே நாளில் விழுந்தன. பிப்ரவரி 8இல் இரு பிரிவுகளும் அகொன்காகுவா பள்ளத்தாக்கில் சேர்ந்துகொண்டன. இடையில் பனிமுகடுகள், செய்தி கொண்டுபோக ஆள் மட்டுமே; அப்படியிருந்தும் மூன்று வார நடைக்குப் பின் ஒரே நாளில் சந்தித்ததே இந்தப் பயணத்தின் உச்சம் என்போம்.

சாண்டியாகோ போகும் வழியில் நடந்த சக்காபுக்கோ போரில் எல்லாம் திட்டப்படி நடந்ததா?

இல்லை. பிப்ரவரி 12 அன்று ஓ'ஹிக்கின்ஸ் முன்பக்கம் எதிரியைப் பிடித்து வைத்திருக்கவேண்டும். சோலர் பெரிய பிரிவோடு மேற்கே சுற்றி வந்து பக்கவாட்டில் அடிக்கவேண்டும். சோலரின் பாதை நீளம். அவர் வந்து சேருமுன் ஓ'ஹிக்கின்ஸ் பாய்ந்துவிட்டார், முதல் பாய்ச்சல் முறிந்தது. சான் மார்ட்டின் சோலரை விரைவுபடுத்த ஆளனுப்பிவிட்டுக் குதிரைப்படையோடு தாமே இறங்கினார். இரண்டாம் பாய்ச்சலும் சோலரின் வருகையும் ஒத்துப்போக, ஸ்பானியத் தளபதி மரோட்டோவின் படை உடைந்தது. ஸ்பானியர் தரப்பில் சுமார் 500 பேர் இறந்தார்கள், 600 பேர் பிடிபட்டார்கள். பிப்ரவரி 14இல் படை சாண்டியாகோவுக்குள் நுழைந்தது. ஆட்சிப் பொறுப்பை சான் மார்ட்டின் மறுத்துவிட, அது ஓ'ஹிக்கின்ஸுக்குப் போனது.

கறுப்பின வீரர்களின் பங்கு என்ன?

இதைச் சொல்லாத வரலாறு அரைகுறை. 7ஆம், 8ஆம் காலாட்படைப் பிரிவுகளில் பெரும்பாலோர் அடிமைகளாக இருந்தவர்கள். குயோவில் மட்டும் 700க்கும் மேற்பட்டோரை உரிமையாளர்களிடமிருந்து எடுத்துப் படையில் சேர்த்தார்கள். படைப்பணி முடிந்தால் விடுதலை என்பது வாக்குறுதி. சக்காபுக்கோவில் ஓ'ஹிக்கின்ஸ் நடத்திய முன்வரிசைப் பாய்ச்சல் இவர்களுடையதுதான். சிலியிலும் பிறகு பெருவிலும் தொடர்ந்து முன்வரிசையில் நின்றார்கள். ஊர் திரும்பியவர்கள் மிகக் குறைவு. அவர்கள் பெயர் தாங்கிய சிலைகள் எத்தனை என்று தேடினால் மனம் கனக்கும்.

வெற்றிக்குப் பிறகு போர் ஏன் இழுத்தது?

தோற்று ஓடியவர்களை உடனே துரத்தவில்லை. பெரிய காரணம் மலையிலேயே நிகழ்ந்துவிட்டது: துரத்தக் குதிரை இல்லை, இருந்தவையும் எலும்பும் தோலும். எதிரி தெற்கே தால்காவானோ துறைமுகத்தில் வலுப்பட்டான், பெருவிலிருந்து கடல்வழி உதவியும் வந்தது. 1818 மார்ச் 19 இரவில் கான்ச்சா ராயாதாவில் விடுதலைப்படை முகாம் மாற்றிக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டுச் சிதறியது. லாஸ் ஹெராஸ் தம் பிரிவைக் குலையாமல் பின்வாங்கியதும், பெல்ட்ரான் இரவுபகலாக வேலை வாங்கிப் பீரங்கிகளை மறுபடி தேற்றியதும்தான் காப்பாற்றின. பதினேழே நாளில், ஏப்ரல் 5 அன்று, மைப்பூவில் முடிவான வெற்றி. 1820 ஆகஸ்ட் 20இல் வால்பரைசோவிலிருந்து கப்பல்கள் பெருவுக்குக் கிளம்பின. 1821 ஜூலை 28இல் லிமாவில் விடுதலைப் பிரகடனம். கண்டத்தில் ஸ்பெயினின் பெரும்படை 1824 டிசம்பர் 9இல் பெருவின் அயாகுச்சோவில் விடுதலைப்படைத் தளபதி சூக்ரேயிடம் சரணடைந்தது.

கண்டத்தின் வடக்கே விடுதலைப் போரை நடத்திய பொலிவாரும் ஆண்டிஸைத் தாண்டினாரே?

ஆம், 1819இல், இன்றைய கொலம்பியாவில். முறை நேரெதிர். மழைக்காலத்தில், வெள்ளம் சூழ்ந்த சமவெளியிலிருந்து சுமார் 2,500 பேரோடு, பிஸ்பா மேட்டின் வழியாக. அந்தப் பருவத்தில் அந்த வழியில் எவரும் வரமாட்டார் என்று எதிரி நம்பியதே அவர் பலம். விலையும் பெரிது: வெப்பச் சமவெளியின் மெல்லிய உடையோடு வந்த பலர் குளிரில் இறந்தார்கள், குதிரைகள் ஏறத்தாழ எல்லாமே போயின. மலைக்கு அந்தப் பக்கம் சோச்சா பகுதி ஊர்மக்கள் உடையும் உணவும் குதிரையும் கொடுத்து அந்தப் படையை மீண்டும் நிமிர்த்தினார்கள். ஆகஸ்ட் 7இல் பொயாக்காவில் வென்றார். சான் மார்ட்டினுக்கு மெண்டோசா முன்கூட்டிச் செய்த வேலையை, பொலிவாருக்கு சோச்சா பிறகு செய்தது.

இன்று அந்த வழிகளில் போகமுடியுமா?

உஸ்பய்யாட்டா வழியை ஒட்டி இப்போது 7ஆம் எண் நெடுஞ்சாலை போகிறது. பழைய கணவாயின் உச்சியில் 1904இல் வைத்த கிறிஸ்து சிலை நிற்கிறது. பழைய செங்கல் குடில்களில் சில சாலையோரம் இன்னும் கண்ணில் படும். லாஸ் பாட்டோஸ் வழியில் சாலை இல்லை. சான் ஹுவான் மாகாணத்து பாரெயாலிலிருந்து கோடையில் உள்ளூர் வழிகாட்டிகள் கோவேறு கழுதைமேல் கூட்டிப்போகிறார்கள். ஒரு வாரம் ஒதுக்கவேண்டும். எஸ்பினாசிட்டோவை ஏறுமுன் கீழே ஓரிரு இரவு தங்கி உடலைப் பழக்குங்கள். இறக்கம் ஏற்றத்தைவிடச் செங்குத்து. அங்கே கடிவாளத்தைத் தளர்த்தி, கால் வைக்கும் இடத்தை விலங்கிடமே விட்டுவிடச் சொல்வார்கள். கேளுங்கள்.